தெத்துப்பல்லுக்கு மதியச் சாப்பாடு

டப்பாவைத் திறக்காமலே சித்திக்குத் தெரிந்துவிட்டது. கையில் வாங்கும்போதே அதன் கனம் சொல்லிவிட்டது. காலையில் போன சாப்பாடு போன மாதிரியே திரும்பி வந்திருக்கிறது.

“சாப்பிடலையா?”

“பசிக்கலைங்க.”

“பல்லு வலிக்குதா?”

“இல்லைங்க.”

தும்பி புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள். சீருடையைக்கூட மாற்றாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தி வேலை செய்யும் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள்கூட அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

தும்பிக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டிருந்ததால் அப்பா வைத்த பெயர். பெற்ற தாய் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அப்புறம் வெகுகாலம் தனியாக இருந்த அப்பா, போன வருடம்தான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். கிளம்பிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆக, புதிதாக வந்த சித்தியும் தும்பியும்தான் அந்தச் சின்ன வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போடவும் கொஞ்சம் உரிமை வேண்டுமே.

சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை முகத்துக்குத் தக்கபடி வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல், மூக்கில் வழுக்காமல் உட்கார வைப்பது. நாள் பூராவும் அடுத்தவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறவள் என்பதால், யார் முகத்தில் என்ன கோணல் என்பது கேட்காமலே கண்ணில் பட்டுவிடும். தும்பி எப்போதும் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள் என்பதும் அப்படித்தான் பட்டது. பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கீழ் வரிசைப் பற்கள் மேல் அண்ணத்தைக் குத்திக் குத்திப் புண்ணாக்கியிருந்தன. “இப்ப விட்டுட்டா பின்னாடி எதையும் மெல்லறதே கஷ்டமாயிடும்மா” என்றார் டாக்டரம்மா. அப்பாவை ஃபோனில் பிடித்துக் கேட்டபோது, லாரி இரைச்சலுக்கு நடுவே, “நீயே பார்த்து முடிவு பண்ணு” என்றார். சித்தி முடிவு பண்ணினாள். இருந்த சேமிப்பை வழித்தெடுத்துத் தும்பியின் பல்லுக்குக் கம்பி போட்டாயிற்று. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த தும்பி, நடுவில் ஒருமுறை கண்ணைத் திருப்பிச் சித்தியைப் பார்த்தாள். பயத்தில் பார்க்கிறாள் என்று எண்ணிச் சித்தி அவள் பாதத்தைத் தட்டிக் கொடுத்தாள். தும்பி காலை இழுத்துக்கொண்டாள்.

“கடிச்சுத் திங்கிற எதுவும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. “கடலை, மிட்டாய், பச்சைக் கேரட் எல்லாம் கொஞ்ச நாளைக்கு மறந்துடணும். மெத்துனு இருக்கணும். நாக்காலேயே நசுக்கிச் சாப்பிடற மாதிரி.”

மெத்தென்ற சாமான்கள் பெரிய கடையில் அலமாரி அலமாரியாக இருக்கத்தான் செய்தன. கிண்ணத்தில் அடைத்த பழத்தயிர், படம் போட்ட புட்டிங், வெண்ணெய் மாதிரி வழுக்குகிற பாலாடைக்கட்டி. எல்லாமே மிருது, விலை மட்டும்தான் கடிக்க முடியாத கடினம். சித்தி எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தெருமுனைக் காய்கறிக்காரரிடம் வந்து நின்றாள்.

“கனிஞ்சு போன பழம், அமுங்கின தக்காளி ஏதாவது குறைச்சுத் தருவீங்களா?”

காய்கறிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “வீட்ல பல்லு போன பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“பல்லு போகலைங்க. இருக்கிற பல்லுக்குத்தான் வேலி போட்டிருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். தோல் கறுத்த வாழைப்பழம், ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி, நறுக்கி விற்றதில் மிஞ்சிய பூசணித் துண்டு என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து சித்தியைக் கண்டாலே, “வேலி போட்ட வீட்டுக்கா?” என்று கேட்டபடி தனியாக எடுத்து வைத்திருந்ததைக் கொடுப்பார்.

சித்தி அதுவரை சமையலில் பெரிய கெட்டிக்காரி இல்லை. தனியாக வாடகை அறையில் இருந்த காலத்தில் ரொட்டியும் தேநீருமாக ஓட்டியவள். இப்போது விடிந்ததும் விடியாததுமாக அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றாள். உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து மசித்தாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியில் முட்டையை மசித்துத் தடவினாள். பூசணியைப் பூண்டோடு வேகவைத்துக் கூழாக்கி, வாய் அகலமான பிளாஸ்கில் ஊற்றினாள். வாழைப்பழத்தை ஓட்ஸில் பிசைந்தாள். டப்பாவுக்குள் ஒரு சின்னக் கரண்டியும், கம்பியில் ஒட்டியதை எடுக்கக் குட்டிப் பிரஷும் வைத்தாள். எல்லாம் போயின, எல்லாம் திரும்பி வந்தன.

“ஒருவேளை பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்க சிரிக்கிறாங்களோ?” என்று ஃபோனில் அப்பாவைக் கேட்டாள்.

“தெரியலையே. எங்கிட்ட நல்லாத்தான் பேசறா.”

“என்ன பேசினா?”

“எங்கே இருக்கே, எப்ப வருவே, அவ்வளவுதான்.” எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டது போல இருந்தது. “சரி, முன்னாடி வண்டி நிக்குது, வச்சுடறேன்” என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் டப்பா இலேசாகத் திரும்பி வந்தது. சித்தி நம்பாமல் திறந்து பார்த்தாள். வழித்து நக்கிய மாதிரி சுத்தமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சித்திக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டே, நாளைக்குப் பருப்பைக் குழைய விட்டுத் தக்காளி சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசித்தாள். கண்ணாடி போட உட்கார்ந்திருந்த பெரியவர், “என்னம்மா, தானா சிரிக்கிறே?” என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரக் கடைசிவரைகூடத் தாங்கவில்லை. பகலில் கடைக்கு ஃபோன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. விளையாட்டு நேரத்தில் தும்பி மயங்கி விழுந்துவிட்டாளாம்.

சித்தி கையில் இருந்த கண்ணாடியை மேசையில் வைத்தாளா, யாரிடமாவது கொடுத்தாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. ஓடினாள். பள்ளிக்கூடத்தின் சின்ன அறையில், பச்சை உறை போட்ட கட்டிலில், உதடு வெளுத்துப் படுத்திருந்தாள் தும்பி. பக்கத்தில் ஸ்டூலில் விளையாட்டு ஆசிரியை.

“சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கேன், இப்ப பரவாயில்லை” என்றார் ஆசிரியை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மதியம் சாப்பிடறதே இல்லைன்னு பிள்ளைங்க சொல்றாங்க. டப்பாவைப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குடுத்துடறாளாம். உங்க பூசணிக்காய்க்கு வகுப்புல அடிதடியாம்.”

சித்தி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையாட்டினாள். வீட்டில் காலையில் பாலை மட்டும் குடித்துவிட்டு, ராத்திரி தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோகிற பெண், பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறாளே என்றுதான் அவள் நிம்மதியாக இருந்திருந்தாள்.

இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். நிறுத்தத்தில் ஆளில்லை. இரும்புப் பலகையில் தும்பியை உட்கார வைத்துவிட்டுச் சித்தி எதிரே நின்றாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் கட்டிக் குடுக்கிறது பிடிக்கலைன்னா சொல்லலாம்ல? வேற ஏதாவது செஞ்சு தர மாட்டேனா?”

தும்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா? அதையாவது சொல்லு. டாக்டர்கிட்ட இன்னிக்கே...”

அவ்வளவுதான். தும்பி வெடித்தாள்.

“நீ ஏன் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே? நான் கேட்டேனா? என் பல்லு எப்படி இருந்தா உனக்கு என்ன? அது எங்கம்மா பல்லு!”

சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி அப்படியே நின்றாள். ஒரு வருடமாக ‘ங்க’ போட்டே பேசிய பெண் முதல்முறையாக ‘நீ’ என்கிறாள். சுடத்தான் செய்தது. ஆனாலும், இந்த வீட்டில் இப்போதுதான் தன்னை யாரோ ஓர் ஆளாகப் பார்த்துப் பேசியது போலவும் இருந்தது.

அவள் மெல்லப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியாது தும்பி. யாரும் எங்கிட்ட சொல்லலை.”

தும்பி விசும்பினாள்.

“எந்தப் பல்லு?”

ஒரு பேருந்து வந்து நின்று, ஏற ஆளில்லாமல் புறப்பட்டுப் போயிற்று. அது போன பிறகு தும்பி முகத்தைத் திருப்பி, மேல் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். இடது பக்கம், கோரைப்பல். பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் பொட்டு வைத்தது போல ஒரு கம்பிப் பொத்தான்.

“இது. அம்மாவுக்கும் இதே பக்கம் இதே பல்லு. சிரிச்சா உதடு அதுல மாட்டிக்கும். அம்மா நாக்கால தள்ளிவிடும்.” தும்பி மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு அம்மா முகம் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது. போட்டோல வாயை மூடிட்டு இருக்கும். கண்ணாடியில நான் சிரிச்சுப் பார்த்தா மட்டும்தான்... அப்ப கொஞ்சம் ஞாபகம் வரும்.”

சித்தி கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

“சாப்பிடாம மெலிஞ்சு போயிட்டா, உடம்புக்கு ஒத்துக்கலைன்னு கழட்டிடுவாங்கன்னு நினைச்சேன்” என்று முடித்தாள் தும்பி.

சித்தி அவள் தோளைத் தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் தயக்கத்தைத் தூரப் போட்டுவிட்டுத் தொட்டாள். தும்பி விலகவில்லை.

“எழுந்திரு. டாக்டர்கிட்ட போவோம்.”

“எதுக்கு?”

“கழட்ட முடியுமான்னு கேப்போம்.”

தும்பி அவளை நம்பாமல் பார்த்தாள். ஆனால் எழுந்தாள்.

டாக்டரம்மா கடைசி ஆளைப் பார்த்து முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சித்தி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். “நீயே சொல்லு. உன் பல்லு” என்று தும்பியை முன்னால் தள்ளிவிட்டாள். தும்பி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் டாக்டரம்மா உள்ளே போய், ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார்.

“கம்பி போடறதுக்கு முந்தி பசை மாதிரி ஒண்ணைக் கடிக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? குமட்டுதுன்னு அழுதியே.”

“ம்.”

“அதை வச்சு வார்த்தது இது.”

வெள்ளைப் பிளாஸ்டரில் மேல் வரிசை, கீழ் வரிசை. ஒவ்வொரு பல்லும் அச்சு அசலாக. இடது பக்கத்தில் அந்தத் தெத்துப்பல், கம்பியில்லாமல், பழையபடி ஏறி உட்கார்ந்திருந்தது. தும்பி விரல் நுனியால் அதைத் தடவினாள். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தியும் எட்டிப் பார்த்தாள். தான் கண்ணால் பார்த்தேயிராத ஒருத்தி அந்தச் சின்னப் பல்லில் இருந்துகொண்டு சிரிப்பது போல இருந்தது. நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தத்தான் செய்தது. ஆனால், முகம் பார்த்துப் பொருத்துகிறவள் கண்ணுக்கு, அந்தப் பல் அந்த முகத்துக்கு எவ்வளவு பாந்தம் என்பதும் தெரிந்தது. ஒரு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. கோணலை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

“இதை நானே வச்சுக்கலாமா?” என்றாள் தும்பி.

“வேலை முடியற வரைக்கும் எனக்கு வேணும். முடிஞ்சதும் உனக்குத்தான், எடுத்துட்டுப் போ.” டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். “இப்ப நான் சொல்றதைக் கேளு. அண்ணத்தைக் குத்தற பல்லுங்க வேற. அதைச் சரி பண்ணலைன்னா மறுபடி புண்ணாகும். அதுக்காக இந்தப் பல்லும் கொஞ்சம் இறங்கித்தான் ஆகணும். ஆனா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை. லேசாத் திரும்பினாப்ல விட்டுடலாம்.”

“எவ்வளவு லேசா?”

டாக்டரம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினார். தும்பி அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம்” என்றாள். டாக்டரம்மா விரலை ஒரு மயிரிழை அகட்டினார்.

“சிரிச்சாத் தெரியுமா?”

“தெரியும். அதுக்கப்புறமும் வேணாம்னா சொல்லு, இப்பவே கழட்டிடறேன்.”

தும்பி சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ‘வேண்டாம்னு சொல்லிடாதேம்மா’ என்று வந்துவிடும் போலிருந்தது.

“இருக்கட்டும்” என்றாள் தும்பி. கொஞ்சம் பொறுத்து, யாரிடம் என்றில்லாமல், “பசிக்குது” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சித்தி இருந்த உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துத் தட்டில் வைத்தாள். தும்பி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். இன்னொரு கரண்டி. பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“வகுப்புல எல்லாத்தையும் வாங்கிச் சாப்பிட்டாங்க. இந்த உருளைக்கிழங்கை மட்டும் யாருமே வாங்கிக்கலை, காக்காய்க்குத்தான் போட்டேன். இதுல என்ன போடறே?”

“உப்பு.”

“வேற?”

“வேற என்ன போடணும்?”

“இதை வச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்.”

சித்தி ஒரு வாய் தின்று பார்த்தாள். அவள் சொன்னது வாஸ்தவம்தான். இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். தும்பியின் உதடு கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை நாக்கால் தள்ளிவிட்டாள். சித்தி பார்த்தும் பார்க்காதது மாதிரி வெங்காயத்தை எடுத்தாள். பொடியாக நறுக்கி, கரைந்து போகும்வரை சிறு தீயில் வதக்கினாள். தும்பி மிளகை நுணுக்கிப் போட்டாள். கொஞ்சம் பால் விட்டாள். கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். தட்டு காலியாயிற்று. சட்டியையும் வழித்தாயிற்று.

அதற்கப்புறம் மதியச் சாப்பாடு கட்டுவது அந்த வீட்டில் இரண்டு பேர் வேலையாகிவிட்டது. காசு கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் யோசனைக்குக் காசு கேட்பார் யார்? முட்டையைப் பால் விட்டு அடித்து, அடுப்பை அணைத்த சூட்டிலேயே கிளறினால் பஞ்சு மாதிரி வருவதைத் தும்பி கண்டுபிடித்தாள். நூடுல்ஸை நீளமாக விட்டால் கம்பியில் பின்னிக்கொள்கிறது, வேகவைக்கும் முன்பே ஒடித்துவிட வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் பட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. காய்கறிக்காரர் கொடுத்த கனிந்த பேரிக்காயை வேகவைத்துத் தயிரில் கலந்தார்கள். கம்பியை முடுக்கிய மறுநாள் பல் கூசும் என்பதால், அன்றைக்கு மட்டும் பூசணிக் கூழ். அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்ற வேண்டியிருந்தது. வகுப்பில் இன்னும் அதற்கு அடிதடி ஓயவில்லை.

சில நாள் காலையில் தும்பி அழுகையும் கோபமுமாக எழுந்திருப்பாள். வலி. “உன்னாலதான்” என்பாள். “ஆமா, என்னாலதான்” என்பாள் சித்தி, கூழை ஆற்றிக்கொண்டே. சண்டை அத்தோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வந்து நின்றார். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், மேசையைப் பார்த்துத் திகைத்தார். குழைந்த பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, பஞ்சு முட்டை.

“என்ன இது, யாருக்கும் இந்த வீட்ல பல்லு இல்லையா?”

“இருக்குப்பா. பாரு” என்று தும்பி ஈயென்று இளித்துக் காட்டினாள்.

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த இடதுபக்கப் பல் கொஞ்சம் கீழே இறங்கி, பக்கத்துப் பல்லின் தோளிலிருந்து பாதி இறங்கிய மாதிரி இருந்தது. அவர் முகத்தில் ஏதோ கலைந்தது. தண்ணீர் எடுக்கிறவர் போலச் சட்டென்று எழுந்து, பானைப் பக்கம் திரும்பி நின்றார். டம்ளரை நிரப்பினார்; குடிக்கவில்லை.

சித்தி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் அவர், திரும்பாமலே. “அந்தப் பல்லைப் பத்தி. அன்னிக்கு ஃபோன்லயே சொல்லணும்னு நினைச்சேன். உங்கிட்ட போய் அதை எப்படிச் சொல்றதுன்னு...”

“எங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவீங்க?”

“நீ தப்பா எடுத்துக்குவியோன்னு.”

“எடுத்துக்கிட்டா எடுத்துக்கிட்டுப் போறேன். சொல்லுங்க. அவங்க எப்படிச் சிரிப்பாங்க, என்ன சாப்பிடுவாங்க, எல்லாம் சொல்லுங்க. அவளுக்கு மறந்துபோகுதாம். அழறா.”

அப்பா டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உருளைக்கிழங்கை ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார் ஆச்சரியமாக. பிறகு, யாரும் கேட்காமலே, “உங்கம்மாவுக்கு இந்தச் சமையல் சமாச்சாரமெல்லாம் சுட்டுப் போட்டாலும் வராது, தெரியுமா?” என்று ஆரம்பித்தார். தும்பி கரண்டியை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நிறுத்தியபடி கேட்டாள். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோன கதை, உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட கதை, அதை மறைக்க அம்மா சிரித்த சிரிப்பு. சித்தி பருப்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். நெஞ்சில் அந்தச் சுருக்கு ஒருமுறை வந்து போயிற்று. போகட்டும் என்று விட்டாள். இந்த வீட்டில் அவளுக்கும் இப்போது கேட்கக் கதை இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பையைத் துழாவி, வழியில் வாங்கியிருந்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

“ஐயோ, இங்க வேண்டாம்!” சித்தியும் தும்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஏன், நான்தானே திங்கப்போறேன்?”

“சத்தம் கேட்டா எனக்கு ஆசை வரும்” என்றாள் தும்பி. “வெளிய போய் தின்னுட்டு வா.”

மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்குகிற அந்த ஆகிருதியான மனிதர், பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஜன்னல் வழியே நொறுக் நொறுக் என்று சத்தம் வந்தது.

“அப்பா! தெரு முழுக்கக் கேக்குது!”

நொறுக் என்ற சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப ஜாக்கிரதையாக, இன்னொரு நொறுக்.

தும்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சித்தி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, தயிரில் கலந்த பேரிக்காயை அவள் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.